ஒரு பேனாவுக்குள் எத்தனை கைகள்?
பழைய ஜப்பானியப் பேனாக்களை இனங்காணும் கலை

1930-ஆம் ஆண்டு லண்டனின் ஆல்ஃபிரட் டன்ஹில் நிறுவனமும் டோக்கியோவின் நமிகி நிறுவனமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. புகையிலைப் பொருள்களுக்கும் ஆடம்பரப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற டன்ஹில், நமிகியின் ஓவியப் பேனாக்களை மேற்கு நாடுகளில் விற்கும். அந்தப் பேனாக்கள் டன்ஹில்-நமிகி என்ற இரட்டைப் பெயரோடு கடைக்கு வந்தன. அவற்றில் சிறந்தவற்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் மூன்றாவதாக ஒரு பெயரும் தெரியும். உடலில் தங்கப்பொடியால் டிராகனையோ மீனையோ பூவையோ வரைந்த கலைஞர் தூரிகையால் இட்ட கையெழுத்து அது. விற்றவர் ஒருவர், செய்த நிறுவனம் ஒன்று, வரைந்தவர் இன்னொருவர். அதற்குள் இன்னும் சிலரும் இருக்கிறார்கள். உடலைக் கடைந்தவர், நிப்பை வெட்டி முனையைத் தீட்டியவர் ஆகியோரின் பெயர் எங்கும் இல்லை. இன்று ஏலக்கூடங்களில் இத்தகைய பேனாக்கள் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுகின்றன. வாங்குபவர் முதலில் தேடுவது மேலே பொறித்த பெயரைத்தான்.

பெயரை அப்படி முதலில் வைப்பது தவறான வழி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பழைய ஜப்பானியப் பேனாவைப் பொறுத்தவரை பெயர் பலவீனமான சாட்சி. உடலின் பொருள், மை நிரப்பும் முறை, நிப்பு, மேற்பூச்சு ஆகியவை தனித்தனியே தரும் தகவல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்போதுதான் ஒரு பேனாவை நாம் இனங்கண்டோம் என்று சொல்ல முடியும். அரியது என்ற அடைமொழிக்கு அதற்குப் பிறகே இடம். ஜப்பானில் பேனாத் தொழில் எப்படி வளர்ந்தது என்று பார்த்தால் இதற்கான காரணம் விளங்கும்.

பெயருக்குப் பின்னால் இருந்த பட்டறைகள்

ஜப்பானின் மூன்று பெரிய பேனா நிறுவனங்களும் எட்டு ஆண்டு இடைவெளிக்குள் தோன்றியவை. 1911-இல் ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள குரே என்ற கடற்படைத் துறைமுக நகரில் கியூகோரோ சகாதா தொடங்கிய பட்டறை பின்னாளில் சைலர் ஆனது. 1918-இல் டோக்கியோவில் ரியோசுகே நமிகியும் மசாவோ வாதாவும் தொடங்கிய நமிகி நிறுவனம், 1938-இல் பைலட் என்பதையே தன் பெயராக்கிக்கொண்டது. கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய வழிகாட்டுபவரைக் குறிக்கும் அந்தப் பெயர், வணிகக் கடற்கல்லூரியில் ஆசிரியராக இருந்த நமிகிக்குப் பொருத்தமானதுதான். 1919-இல் ஷுனிச்சி நகாதா தொடங்கிய வணிகம் பிளாட்டினம் ஆனது. இந்த மூன்று பெயர்களையும் சேகரிப்பாளர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனால் இவற்றைச் சுற்றி எண்ணற்ற சிறு பட்டறைகள் இயங்கின. ஒருவர் எபோனைட் கம்பியைக் கடைசல் இயந்திரத்தில் கடைந்து உடலும் மூடியும் செய்வார். வேறொருவர் தங்கத் தகட்டிலிருந்து நிப்பை உருவாக்குவார். மூன்றாமவர் முனையைத் தீட்டி, மை ஓடும்படி சரிசெய்வார். கடைசியில் ஏதோ ஒரு கடை தன் பெயரைப் பொறித்து விற்கும். கடைசலில் பெயர்பெற்ற எய்சுகே சகாய், நிப்புச் செய்வதில் தேர்ந்த கின்ஜிரோ கபுதோகி போன்ற கைவினைஞர்களின் வேலை இப்படிப் பல கடைகளின் பெயர்களில் வெளிவந்தது. ஒரு வீட்டைக் கட்டுபவர்கள் கொத்தனாரும் தச்சரும். வாசல் பலகையில் இருப்பது வீட்டுக்காரரின் பெயர். ஜப்பானியப் பேனாவின் பெயரும் பெரும்பாலும் அந்த வாசல் பலகைதான்.

பெயர்கள் வேறு விதங்களிலும் ஏமாற்றும். பிரிட்டனின் புகழ்பெற்ற ஸ்வான் பேனாவின் பெயரிலேயே ஜப்பானில் உள்நாட்டுப் பேனாக்கள் விற்கப்பட்டன. மறுபுறம், ஜப்பானியப் பெயர் தாங்கிய பேனா வேறு நாட்டில் செய்யப்பட்டதாக இருக்கலாம். சென்னையிலேயே பைலட் பென் கம்பெனி (இந்தியா) என்ற நிறுவனம் இயங்கியது. பேனா வடிவமைப்பு உரிமை தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் அது நடத்திய வழக்கு 1960களின் சட்டத் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்றிருக்கிறது. நம் ஊர்ப் பழைய வீடுகளின் மேசை இழுப்பறைகளில் கிடைக்கும் பைலட் பேனாக்களில் சில இந்தியத் தயாரிப்பாகவே இருக்கலாம். அதனால் அவற்றின் மதிப்புக் குறையாது. இந்தியப் பேனா வரலாற்றுக்கு அவை தேவையான சான்றுகள். ஜப்பானில் செய்ததென்று சொல்லி விற்பதுதான் பிழை.

ஏன் பழைய பதிவேடுகளைப் புரட்டிச் சரிபார்க்கக் கூடாது என்று கேட்கலாம். 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி வந்த பெரும் நிலநடுக்கமும் அதையடுத்த தீயும் டோக்கியோவின் பெரும்பகுதியை அழித்தன. 1945-இல் டோக்கியோவும் குரேயும் விமானக் குண்டுவீச்சில் எரிந்தன. பேனாத் தொழில் குடிகொண்டிருந்த நகரங்களே இவை. சிறு பட்டறைகள் விரிவான பதிவேடு வைத்திருந்தால்கூட அவை தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு குறைவு. எனவே பேனாவே ஆவணமாகிறது. அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

உடல் சொல்வது

முதலில் உடலின் பொருள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேனா உடலுக்கு எங்கும் பயன்பட்டது எபோனைட். ரப்பரோடு கந்தகத்தை அதிக அளவில் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டிப்படுத்திய பொருள் அது. கடைவதற்கு இணக்கமானது, மையால் அரிபடாதது. ஆனால் வெளிச்சமும் ஈரமும் பட்டால் மேற்பரப்பில் உள்ள கந்தகம் வினைபுரிந்து, கறுப்பு மெல்லப் பழுப்பாகவும் பாசி நிறமாகவும் மாறும். இந்தக் குறையே இனங்காண்பவருக்குச் சாதகம். மூடிக்குள் மறைந்திருந்த பகுதியும் வெளிச்சம் பட்ட பகுதியும் ஒரே அளவுக்கு நிறம் மாறியிருக்க முடியாது. மூடியைக் கழற்றினால் ஓர் எல்லைக்கோடு தெரிய வேண்டும். பூச்சு இல்லாத எபோனைட் பேனா எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கும் ஒரே கறுப்பாகப் பளபளத்தால் இரண்டில் ஒன்றுதான்: ஆயுள் முழுக்க இருட்டுப் பெட்டிக்குள் கிடந்திருக்க வேண்டும், அல்லது யாரோ மேற்பரப்பைச் சீவி மெருகேற்றியோ கறுப்புச் சாயம் ஏற்றியோ இருக்க வேண்டும். பொறித்த எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தால் இரண்டாவதே உண்மை.

எபோனைட்டின் இந்த நிறமாற்றத்தைத் தடுக்கத்தான் நமிகி நிறுவனம் உருஷியை நாடியது. உருஷி என்பது கிழக்காசியாவில் வளரும் ஒருவகை மரத்தின் பால். ஜப்பானியர்கள் பல நூற்றாண்டுகளாக மரப் பாத்திரங்களுக்கும் பெட்டிகளுக்கும் அதைப் பூசி வந்தார்கள். 1920களின் நடுவில் நமிகி நிறுவனம் எபோனைட் உடலில் உருஷியை ஏற்றும் ஒரு முறையை உருவாக்கி லக்கொனைட் என்று பெயரிட்டது. உலகப் புகழ்பெற்ற ஜப்பானிய ஓவியப் பேனாக்களின் பிறப்புக்குப் பின்னால் இப்படி ஒரு வேதியியல் சிக்கல் இருக்கிறது. கறுப்பு வெளுக்காமல் இருக்கப் பூசிய பூச்சு, ஓவியம் வரைவதற்கான தளமாகவும் ஆயிற்று. இந்த வரிசையைத் தெரிந்தவர்கள், லக்கொனைட் காலத்துக்கு முந்தையது என்று சொல்லி விற்கப்படும் பேனாவில் வழவழப்பான உருஷிப் பூச்சைக் கண்டால் அது பின்னாளில் ஏறியதா என்று உடனே கேட்பார்கள்.

அடுத்து செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துச் செய்யும் இந்தப் பிளாஸ்டிக்கில் பளிங்குக் கோலங்கள், வரிகள், பலவண்ணச் சிதறல்கள் எல்லாம் சாத்தியம். 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அங்கே விளைந்த கற்பூரத்தை 1899 முதல் அரசு தன் தனியுரிமையாக வைத்திருந்தது. மூலப்பொருள் கைவசம் இருந்ததால் செல்லுலாய்டுத் தொழில் ஜப்பானில் செழித்தது; 1919-இல் எட்டு நிறுவனங்கள் ஒன்றாகி தாய்-நிப்பான் செல்லுலாய்டு நிறுவனம் உருவானது. ஜப்பானின் சாதாரணப் பேனாக்களில்கூட அழகிய செல்லுலாய்டு உடல்கள் இருப்பதன் பின்னணி இது. மூடியின் உட்புறத்தை முகர்ந்தால் மெல்லிய கற்பூர வாசனை வருவது நல்ல அறிகுறி. மைப்பை உள்ள பகுதி மட்டும் கருத்திருந்தால் அதுவும் இயல்பே. ரப்பர்ப் பையிலிருந்து வெளியேறும் கந்தக வாயுக்கள் செல்லுலாய்டின் நிறத்தைக் கெடுக்கும். ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையைச் சிலர் இன்னும் பரிந்துரைக்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது. செல்லுலாய்டு சட்டெனத் தீப்பிடிக்கும். சான்றும் அழியும், கையும் சுடும்.

மை நிரப்பும் முறை சொல்வது

பிரிட்டனின் டி லா ரூ நிறுவனம் செய்த ஓனோட்டோ பேனாவை மாருசென் என்ற புத்தகக்கடை ஜப்பானில் விற்றது. நாவலாசிரியர் நத்சுமே சோசெகி அதில் எழுதினார் என்பது அந்தப் பேனாவின் புகழைக் காட்டும். ஓனோட்டோவின் நடுவே ஒரு தண்டு ஓடும். பின்முனைத் திருகை இறுக்கினால் அந்தத் தண்டின் நுனி மையின் வழியை அடைத்துவிடும். ஜப்பானியப் பட்டறைகள் இந்த அடைப்பு ஏற்பாட்டை எளிய மை நிரப்பிப் பேனாவோடு இணைத்தன. கழுத்தைக் கழற்றி, சிறு குழாயால் உடலுக்குள் நேரடியாக மையை ஊற்ற வேண்டும். எழுதும்போது பின்திருகைச் சற்றே தளர்த்தி வழியைத் திறக்க வேண்டும். எழுதி முடித்ததும் இறுக்கிவிட வேண்டும். கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் துளித்துளியாகத் தள்ளும் தொல்லைக்கு இது நல்ல மருந்து. மேற்கு நாடுகள் நெம்புகோல் பேனாக்களுக்கு மாறிய பிறகும் ஜப்பானில் இந்த முறை நெடுங்காலம் நீடித்தது. எனவே பின்முனையில் திருகு உள்ள பழைய பேனாவைக் கண்டால், அது ஜப்பானிய வழியில் செய்ததாக இருக்கலாம் என்பது முதல் ஊகம். உள்ளே தண்டை இறுக்கிப் பிடிக்கும் அடைப்பான் பழைய தக்கையா, புதிய ரப்பர் வளையமா என்று பார்த்தால், அந்தப் பேனா பழுது பார்க்கப்பட்டதா என்பதும் தெரிந்துவிடும்.

போருக்குப் பிந்தைய காலத்தில் மாற்றங்கள் விரைந்தன. 1957-இல் பிளாட்டினம் தன் ஹானஸ்ட் பேனாவில் மைக்குழலைக் கொண்டுவந்தது. 1963-இல் பைலட் மூடியே இல்லாத கேப்லெஸ் பேனாவை வெளியிட்டது. முதல் வகையில் நிப்பை வெளியே கொண்டுவர உடலைத் திருக வேண்டும்; அடுத்த ஆண்டு வந்த வகையில் பின்முனையை அழுத்தினால் போதும். அக்காலப் பைலட் பேனாக்கள் சிலவற்றில் பொருந்திய மைக்குழல் இன்று தயாரிப்பில் இல்லை. ஆகவே இன்றைய மைக்குழல் எந்தத் தடையுமின்றிப் பொருந்தும் ஒரு பேனாவை 1963-ஐச் சேர்ந்தது என்று யாராவது சொன்னால், உள்ளே உள்ள நிப்புத் தொகுதி பின்னாளில் மாற்றப்பட்டதா என்று சோதிப்பது அறிவுடைமை.

நிப்பு சொல்வதும் மறைப்பதும்

பேனாவில் அதிக எழுத்து இருப்பது நிப்பில்தான். அதனாலேயே அது நம்மை அதிகம் வழிதவறச் செய்யும். 1937-இல் சீனாவோடு போர் மூண்டதும் இறக்குமதிக்குத் தேவையான தங்கத்தைச் சேமிக்க ஜப்பான் அரசு உள்நாட்டில் தங்கப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. பேனா நிறுவனங்கள் எஃகுக்கும் வெண்ணிற உலோகக் கலவைகளுக்கும் மாறின. போர்க்காலப் பேனாவில் 14 காரட் தங்க நிப்பு இருந்தால் அது தானாகவே போலி என்று பொருளில்லை. உரியவர் பழைய நிப்பையே வைத்திருந்திருக்கலாம், பிற்காலத்தில் மாற்றியும் இருக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. 1949-இல் தொழில்தரச் சட்டம் வந்த பிறகு ஜே.ஐ.எஸ். என்ற தர முத்திரை நிப்புகளிலும் உடல்களிலும் தோன்றியது. அந்த முத்திரை உள்ள நிப்பு போருக்கு முந்தியதாக இருக்கவே முடியாது. ஏற்றுமதிப் பொருள்களில் ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்று பொறிக்கப்பட்டிருந்தால் அது 1952-இல் முடிந்த நேச நாடுகளின் ஆக்கிரமிப்புக் காலத்தைச் சேர்ந்தது. 1960களின் பிற்பகுதியில் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு 18, 21, 23 காரட் என நிப்பில் தங்கத்தைக் கூட்டின. காரட் அளவும் ஒரு காலக்குறிப்பே.

பைலட் நிப்புகளில் காலத்தை நேரடியாகச் சொல்லும் குறியீடும் உண்டு. எச் என்ற ஆங்கில எழுத்தும் 769 என்ற எண்ணும் பொறித்திருந்தால் ஹிராட்சுகா ஆலையில் 1969 ஜூலையில் செய்யப்பட்ட நிப்பு என்று படிக்கலாம். முதல் இலக்கம் மாதம், கடைசி இரண்டும் ஆண்டு. புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு இந்தக் குறியீடு பெரிய உற்சாகம் தரும். அங்கேயே நின்றுவிட்டால் பிழைதான். அந்தத் தேதி நிப்பின் தேதி. பேனாவின் தேதி அல்ல. நிப்பு தேய்ந்தால் மாற்றப்படும் உறுப்பு. கீழே விழுந்து வளைந்தால் உடனே மாற்றப்படும். ஒரு பேனாவின் உடல் முப்பது ஆண்டு இடைவெளியில் மூன்று நிப்புகளைத் தாங்கியிருக்கலாம். நிப்பும் அதற்கு அடியில் மையைக் கொண்டுவரும் நாக்கும் கழுத்துக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கின்றனவா, கழுத்தின் உள்வாயில் பழைய நிப்பின் தடம் வேறு அகலத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். நிப்பின் முனையும் பேசும். சீன எழுத்துகளின் நெருக்கமான கோடுகளை எழுத ஜப்பானியர்களுக்கு மெல்லிய முனை தேவைப்பட்டது. அதனால் ஒரே அளவுக்குறி இருந்தாலும் ஜப்பானிய நிப்பு மேற்கத்திய நிப்பைவிட மெல்லியதாகவே எழுதும். பழைய ஜப்பானியப் பேனாவில் தடித்த, உருண்டையான முனை இருந்தால், அது ஏற்றுமதிக்காகச் செய்ததா அல்லது வெளியிலிருந்து வந்து சேர்ந்த நிப்பா என்று கேட்க வேண்டும்.

தங்கப்பொடியும் கையெழுத்தும்

உருஷியில் வரைந்து, ஈரம் உலர்வதற்குள் தங்கப்பொடியைத் தூவி உருவாக்கும் ஓவிய முறையை மகி-எ என்பார்கள். தூவி அதன்மேல் மெல்லிய பூச்சிட்டு மெருகேற்றுவது ஹிரா வகை. ஓவியத்தை முழுக்க உருஷியால் மூடி, கெட்டியான பிறகு கரித்துண்டால் தேய்த்து மீண்டும் வெளிக்கொணர்வது தோகிதாஷி வகை. அதில் ஓவியமும் தளமும் ஒரே மட்டத்தில் இருக்கும். அடித்தளத்தை உயர்த்திப் புடைப்பாகச் செய்வது தகா வகை. உருஷி ஈரக்காற்றில்தான் இறுகும் என்பதால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஈரப்பதமான அறையில் காத்திருக்க வேண்டும். உயர்ந்த வேலைப்பாட்டுக்கு மாதக்கணக்கில் ஆகும். கனசாவாவில் 1896-இல் பிறந்த கோன்ரோகு மத்சுதா நமிகியின் ஓவியப் பணியை வழிநடத்தினார். 1931-இல் கொக்கோகாய் என்ற கலைஞர் குழு அமைந்தது. மத்சுதாவை 1955-இல் ஜப்பான் அரசு தன் மரபுக் கலைகளைக் காப்பவர்களுக்குரிய உயர்ந்த தகுதியால் பெருமைப்படுத்தியது.

இவ்வளவு புகழ் உள்ள இடத்தில் போலிகள் வரும். ஆனால் கையால் தூவிய பொடிக்கும் அச்சுக்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி காட்டிவிடும். தூவிய பொடியில் துகள்களின் அளவும் அடர்த்தியும் இடத்துக்கு இடம் மாறும். வண்ணம் ஓரிடத்தில் செறிந்து, மெல்லக் கரைந்து மறையும். அச்சில் புள்ளிகள் ஒழுங்காக வரிசையில் நிற்கும். ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும். உருஷிக்கு இன்னொரு குணமும் உண்டு: காலம் செல்லச் செல்ல அதன் ஒளிபுகும் தன்மை கூடும், அடியில் உள்ள சிவப்பு அல்லது பழுப்பு விளிம்புகளில் துலங்கத் தொடங்கும். சூரிய ஒளியில் நெடுநாள் வைத்தால் பளபளப்பு போய் மங்கும். இந்த இரண்டில் ஒரு தடயம்கூட இல்லாத, நேற்று பூசியதுபோன்ற பூச்சு 1930களைச் சேர்ந்தது என்று சொல்லக் கேட்டால் ஐயப்பட வேண்டும். கையெழுத்து பெரிதாகவும் ஓவியம் சிறியதாகவும் இருப்பது இன்னொரு எச்சரிக்கை. குழுவின் பெயரும் கலைஞரின் பெயரும் அவருடைய சிவப்புக் குறியும் உரிய இடத்தில் இருப்பதைச் சரிபார்ப்பது நல்லது. ஆனால் ஒரு வரியைப் போலி செய்வது ஒரு டிராகனைப் போலி செய்வதைவிட எளிது. கையெழுத்தை நம்பி ஓவியத்தை ஏற்காமல், ஓவியத்தை நம்பிய பிறகே கையெழுத்தைப் படிக்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

இவ்வளவும் வீண்வேலை என்று ஒரு தரப்பினர் சொல்வார்கள். பேனா எழுதுவதற்கானது, நன்றாக எழுதினால் போதும், அது எந்த ஆண்டில் யார் செய்தது என்பது எதற்கு? எழுதுவதே பேனாவின் முதல் நோக்கம் என்பதை ஏற்கிறேன். ஆனால் எழுத விரும்புபவருக்கும் இனங்காண்பது தேவைப்படுகிறது. எபோனைட் உடலை வெந்நீரில் ஊறவைத்தால் நிறம் மாறும். செல்லுலாய்டைச் சூடாக்கினால் சிதையும், பற்றியும் எரியலாம். பின்திருகைத் தளர்த்தாமல் எழுதினால் சில வரிகளில் மை நின்றுபோகும். பழுதான பேனா என்று எண்ணித் தூக்கி எறிந்துவிடுவார்கள். எதைத் தொடுகிறோம் என்று அறியாமல் அதைப் பயன்படுத்தவும் முடியாது.

பழுது பார்ப்பது சான்றை அழிக்கிறது என்கிறாய். அப்படியானால் பேனாவை எழுதாப் பொருளாகவே வைத்திருக்க வேண்டுமா என்று இன்னொரு கேள்வி வரும். இங்கே ஒரு வேறுபாடு செய்ய வேண்டும். மைப்பையும் அடைப்பானும் காலத்துக்கேற்ப மாற்றப்படுவதற்காகவே அமைந்தவை. அவற்றை மாற்றுவதில் தவறில்லை. கழற்றியதைச் சிறு உறையில் போட்டுப் பேனாவோடு வைத்துவிட்டால் வரலாறும் காக்கப்படுகிறது. மேற்பரப்பைச் சீவுவது, கறுப்புச் சாயம் ஏற்றுவது, மங்கிய எழுத்துகளை மீண்டும் பொறிப்பது, புதிய ஓவியத்தைச் சேர்ப்பது ஆகியவற்றைத் திரும்பப் பெற முடியாது. திரும்பப் பெறக்கூடியதைச் செய்யலாம். பெற முடியாததைத் தவிர்க்க வேண்டும்.

மிக வலுவான எதிர்வாதம் வேறு. போலி செய்பவருக்கும் இந்த விதிகளெல்லாம் தெரியும். பழைய உடல், பழைய மூடி, பழைய நிப்பு ஆகியவற்றைச் சேகரித்து ஒட்டவைத்தால் ஒவ்வொரு உறுப்பும் உண்மையானதாகவே இருக்கும்; பேனா மட்டும் பொய்யாக இருக்கும். இது உண்மை. இதற்கு முழுமையான விடை இல்லை. ஆனால் நல்ல விடை இருக்கிறது. ஒன்றாக வாழ்ந்த உறுப்புகளின் தேய்மானம் ஒத்துப்போகும். மூடியின் வாய் உரசிய கீறல்கள் உடலில் சரியான உயரத்தில் இருக்கும். திருகு மரைகள் இரண்டு பக்கமும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும். நிறமாற்றத்தின் எல்லைக்கோடு மூடியின் நீளத்தோடு பொருந்தும். இவற்றையும் போலி செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றும் போலி செய்பவரின் உழைப்பைக் கூட்டுகிறது, ஆதாயத்தைக் குறைக்கிறது. இனங்காண்பவரும் தன் முடிவை ஆம், இல்லை என்று சொல்லாமல் உறுதி, பெரும்பாலும், ஐயம் என்று படிநிலைப்படுத்திச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் விற்பனையாளரையே நம்பலாம்.

அரியது என்பதன் பொருள்

இப்போது அரியது என்ற சொல்லுக்கு வரலாம். 1969-இல் பைலட்டின் எலீட் எஸ் என்ற சட்டைப்பை அளவுப் பேனாவுக்குத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கியோசென் ஓஹாஷி பொருளற்ற சொற்களால் ஒரு விளம்பரம் செய்தார். நாடே அதைப் பாடியது; பேனா பெருமளவில் விற்றது. அப்படி விற்ற பேனா எப்படி அரியதாகும்? ஆனால் இன்று இணையத்தில் அத்தகைய பேனாக்களும் அரிய ஜப்பானியப் பேனா என்ற தலைப்போடு விற்பனைக்கு வருகின்றன. 1971-இல் வந்த மியூ என்ற பேனாவில் நிப்பும் கழுத்தும் ஒரே எஃகுத் துண்டு. நிப்பு வளைந்தால் அந்தப் பகுதியையே தூக்கி எறிய வேண்டும். எனவே செய்யப்பட்டவை பல. குறையின்றிப் பிழைத்தவை சில. ஒரு பேனா அரியதாவதற்கு மூன்று வேறு காரணங்கள் உள்ளன: குறைவாகச் செய்யப்பட்டது, குறைவாகப் பிழைத்தது, மாற்றமின்றிப் பிழைத்தது. நான்காவதாக நம் ஊரில் மட்டும் காணக் கிடைக்காதது என்பதையும் சேர்த்து, நான்கையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிப் பணம் பறிக்கிறார்கள். இதில் எந்தக் காரணத்தால் அரியது என்று விற்பவரைக் கேட்பதே வாங்குபவரின் முதல் தற்காப்பு.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, சாதாரண வாசகருக்கு இதில் என்ன என்ற எண்ணமும் எழலாம். டன்ஹில்-நமிகி ஓவியப் பேனாவை நம்மில் பெரும்பாலோர் வாங்கப்போவதில்லை. ஆனால் இங்கே சொன்ன அறிவில் பெரும்பகுதி எளிய பேனாக்களிலிருந்தே கிடைத்தது. 1960, 70களின் சட்டைப்பைப் பேனாக்கள் இன்றும் சாதாரண விலைக்குக் கிடைக்கின்றன. நிப்புக் குறியீட்டைப் படிக்கவும் தேய்மானத்தை ஒப்பிடவும் அவற்றிலேயே பழகலாம். விலையுயர்ந்த பேனாவில் தொடங்குபவர் பெயரைப் படிக்கக் கற்கிறார். எளிய பேனாவில் தொடங்குபவர் பேனாவைப் படிக்கக் கற்கிறார்.

ஆகவே சேகரிப்பவருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு தாள் எழுதிவையுங்கள். உடல் எந்தப் பொருள், மை எப்படி நிரம்புகிறது, நிப்பில் என்ன பொறித்திருக்கிறது, எது எப்போது மாற்றப்பட்டது, எங்கிருந்து வந்தது என்று அதில் இருக்கட்டும். மூடி கழற்றிய நிலையிலும் நிப்பின் இருபுறமும் படம் எடுத்துவையுங்கள். எது ஊகம், எது உறுதி என்று பிரித்துச் சொல்லுங்கள். பேனாவை விற்கும்போது தாளும் உடன் போகட்டும். கடைந்தவர், நிப்பு வெட்டியவர், முனை தீட்டியவர் ஆகியோர் பெயர் பொறிக்கப்படாமலேயே போனவர்கள். ஒரே மாதிரியான கடைசல் முறையும் ஒரே மாதிரியான முனையும் வெவ்வேறு பெயர் கொண்ட இருபது பேனாக்களில் தென்படும்போது, அவை ஒரே கையிலிருந்து வந்தவை என்று ஒருநாள் யாராவது நிறுவ முடியும். அந்த இருபது பேனாக்களும் மெருகேற்றப்பட்டு, நிப்பு மாற்றப்பட்டு, அரியது என்ற சீட்டு ஒட்டி விற்கப்பட்டுவிட்டால் அது ஒருபோதும் முடியாது. பெயர் பெற்றவர்களின் புகழை நிறுவனங்களே காத்துக்கொள்ளும். பெயர் பெறாதவர்களின் வேலையைக் காப்பது சேகரிப்பவரின் கடமை; அதைச் செய்பவரே சேகரிப்பாளர், மற்றவர் வாங்குபவர் மட்டுமே.